கவலைக்குக் காரணம் உண்மையானதாக இருந்தாலும் உளவியல் சிகிச்சை பலன் தருமா? பதற்றக் கோளாறும் சயான்–தாராவி மக்களும்

மும்பை: நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், மூச்சு அடைப்பது போன்ற உணர்வு ஆகியவற்றுடன் மருத்துவமனைக்கு விரைந்து, ஈசிஜி உள்ளிட்ட பரிசோதனைகள் அனைத்தும் இயல்பாக உள்ளன என்ற பதிலுடன் வீடு திரும்புவோர் பலர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது இதய நோயன்று, பதற்றக் கோளாறு. உளவியல் சிகிச்சையாலும் தேவைப்படும்போது மருந்தாலும் கட்டுப்படுத்தக்கூடிய கோளாறு இது. ஆயினும் இதனால் பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மட்டுமே உலக அளவில் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைப்பதாக உலகச் சுகாதார அமைப்பு தெரிவிக்கிறது.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டில் சுமார் 4.5 கோடிப் பேர் பதற்றக் கோளாறுகளுடன் வாழ்ந்ததாக, மாநில வாரியாக நோய்ச் சுமையைக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலக் கோளாறுகள் உடையோரில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகக் கண்டறிந்தது.

மும்பையின் சயான் பகுதியில் இந்த இடைவெளிக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. அருகிலுள்ள தாராவியில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் வசிக்கின்றனர். வருவாய் நாள்கூலியாகவோ உருப்படிக் கூலியாகவோ வருகிறது. 2024 மார்ச்சில் தொடங்கிய மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு, யாருக்கு எங்கே வீடு என்ற கேள்வியை ஒவ்வொரு வாசலுக்கும் கொண்டு சென்றது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது திட்டத்தின் விதி. அதற்குப் பின் குடியேறியோருக்கும் மேல்தளங்களில் வசிப்போருக்கும் தாராவிக்கு வெளியே, வேறு நிபந்தனைகளுடன் வீடு. இச்சூழலில் உறக்கம் இழந்த ஒருவரிடம் ‘ஆலோசகரைப் பாருங்கள்’ என்றால், ‘என் கவலை கற்பனையல்லவே, பேசினால் வீடு கிடைத்துவிடுமா?’ என்று அவர் திருப்பிக் கேட்பது இயல்பு. நியாயமான கேள்வியும்கூட. உளவியல் சிகிச்சை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறியாமல் அதற்குப் பதில் கூற இயலாது.

பயம், கவலை, கோளாறு

பதற்றம் என்பது உடலின் எச்சரிக்கை மணி. ஆபத்தை உணர்ந்தவுடன் மூளையின் அமிக்டலா என்ற பகுதி அதை இயக்குகிறது; அட்ரினலின் சுரக்கிறது; இதயம் வேகமெடுக்கிறது; மூச்சு குறுகுகிறது; செரிமானம் மந்தமாகிறது. சாலையைக் கடக்கும்போது வேகமாக வரும் பேருந்தைக் கண்டு பின்வாங்குவதற்கு இதுவே உதவுகிறது. தேர்வுக்கு முன்பும், மகளின் திருமணத்துக்கு முன்பும் மனம் பரபரப்பதை யாரும் நோய் என்று சொல்வதில்லை.

ஆபத்து இல்லாதபோதும் மணி ஒலித்துக்கொண்டே இருப்பதும், ஒலி அடங்க மறுப்பதும், அதன் பொருட்டு வேலை, உறக்கம், உறவு ஆகியவை குலைவதும்தான் கோளாறு. ஆறு மாதங்களோ அதற்கு மேலோ பெரும்பாலான நாட்களில் பலவற்றைப் பற்றியும் கட்டுப்படுத்த முடியாத கவலை நீடித்தால் அது பொதுப் பதற்றக் கோளாறு. எவ்வித முன்னறிவிப்புமின்றிச் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, ‘உயிர் போய்விடும்’ என்று தோன்றச் செய்வது ‘பேனிக் அட்டாக்’ எனப்படும் திடீர்ப் பீதி. பிறர் முன் பேசவும் உண்ணவும் அஞ்சுவது சமூகப் பதற்றம்.

மும்பையில் இவை அனைத்துக்கும் மராத்தி, இந்தி, தமிழ் என்ற வேறுபாடின்றி வழங்கும் ஒரே சொல் ‘டென்ஷன்’. வசதியான சொல்தான். எனினும் கடன் தொல்லை, குடும்பச் சண்டை, இரத்த அழுத்தம், பீதித் தாக்கம் என எல்லாவற்றையும் அது ஒரே பையில் போட்டுவிடுவதால், எதற்குச் சிகிச்சை உண்டு என்பது மறைந்துபோகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். நெஞ்சுவலியையும் மூச்சுத்திணறலையும் ‘வெறும் டென்ஷன்’ என்று தாமாகவே முடிவு செய்துவிடக் கூடாது. இதயக் கோளாறு மட்டுமன்றி, தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை ஆகியவையும் படபடப்பை உண்டாக்கும். முதலில் மருத்துவப் பரிசோதனை. அதில் காரணம் புலப்படாத நிலையில் மனநல மதிப்பீடு என்பதே முறை.

சிகிச்சை அறைக்குள் நடப்பது என்ன?

பதற்றத்துக்கான உளவியல் சிகிச்சைகளுள் மிக அதிகமாக ஆராயப்பட்டது, சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் மனச்சோர்வுக்காக இதற்கு அடித்தளமிட்டார். பின்னர் பதற்றக் கோளாறுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பொதுவாக வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, பன்னிரண்டு முதல் பதினைந்து அமர்வுகள் வரை நடைபெறும். கடந்தகாலத்தை ஆண்டுக்கணக்கில் தோண்டுவது அன்று. இன்று பதற்றத்தை உயிர்ப்புடன் வைத்திருப்பது எது என்பதைக் கண்டறிவதே அதன் வேலை.

இதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ‘தவிர்த்தல்’. எடுத்துக்காட்டாக, சயான் நிலையத்திலிருந்து மத்திய ரயில்வேயின் நெரிசல் மிகுந்த மின்சார ரயிலில் தினமும் பணிக்குச் செல்லும் ஒருவரைக் கருதலாம். ஒருநாள் பெட்டிக்குள் அவருக்குத் திடீரென மூச்சு முட்டுகிறது, இதயம் துடிக்கிறது, ‘மாரடைப்பு’ என்று எண்ணி அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுகிறார். இறங்கியவுடன் படபடப்பு தணிகிறது. இறங்கியதால்தான் பிழைத்தோம் என்ற பாடத்தை மூளை அந்தக் கணத்தில் கற்றுக்கொள்கிறது. மறுநாள் அவர் பேருந்தில் செல்கிறார். அடுத்த மாதம் நெரிசலான பேருந்தும் அச்சுறுத்துகிறது. பின்னர் தண்ணீர்ப் புட்டியும் கைப்பேசியும் இன்றி வெளியே செல்வதில்லை. அதற்கும் பிறகு யாரேனும் துணைக்கு வந்தால்தான் பயணம். வேலை போகும் நிலை இப்படித்தான் உருவாகிறது. ரயில் அவருக்கு எத்தீங்கும் செய்யவில்லை. ஒவ்வொரு முறை தவிர்த்தபோதும் அச்சம் ஒரு படி வளர்ந்தது.

சிகிச்சையாளர் முதலில் இந்தச் சுழலைக் காகிதத்தில் வரைந்து காட்டுவார். உடலில் ஓர் உணர்வு. அதற்கு ‘மாரடைப்பு’ என்ற பொருள். அந்தப் பொருளால் மேலும் அச்சம். அச்சத்தால் உணர்வு மேலும் தீவிரமடைதல். பலருக்கு இந்த வரைபடமே முதல் ஆறுதலாக அமைகிறது. தமக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, நடப்பதற்கு ஒரு காரண காரியம் உண்டு என்று தெரியவருவது சிறிய விஷயமன்று.

அடுத்தது, எதிர்கொள்ளல். தென்னாப்பிரிக்காவில் பிறந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே 1950-களில் அச்சத்தைப் படிப்படியாக அணுகும் முறையை வகுத்தார். இன்றைய எதிர்கொள்ளல் முறை அதிலிருந்து வளர்ந்து வந்தது. மேற்கூறிய பயணிக்கான ஏணி பின்வருமாறு அமையலாம்: முதற்படி, கூட்டமில்லாத பிற்பகல் இரண்டு மணிக்கு நடைமேடையில் இருபது நிமிடம் நிற்பது. அடுத்த படி, துணையுடன் மெதுரயிலில் ஏறி ஒரே நிலையம் தள்ளியுள்ள மாட்டுங்காவில் இறங்குவது. பின்னர் அதே பயணம், தனியாக. பிறகு எதிர்த்திசையில் குர்லா; அதற்குப் பிறகு தாதர்; இறுதியில், காலை நெரிசல் நேரம். ஒவ்வொரு படியிலும் படபடப்பு வரும், வர வேண்டும். அது வந்தபோதும் இறங்காமல் இருந்து, தானாகவே அது தணிவதைக் காண்பதுதான் பயிற்சி. ‘நான் அஞ்சியது நடக்கவில்லை, நடந்ததைத் தாங்க முடிந்தது’ என்பதை அறிவுரையால் கற்பிக்க இயலாது, உடல் அனுபவித்துத்தான் கற்கிறது.

பீதிக் கோளாறு உள்ளவர்களுக்கு, அஞ்சும் உணர்வையே அறைக்குள் வேண்டுமென்று வரவழைக்கும் பயிற்சியும் உண்டு. மாடிப்படிகளில் வேகமாக ஏறி இதயத் துடிப்பைக் கூட்டுவது, நாற்காலியில் சுழன்று தலைசுற்றலை உண்டாக்குவது போன்றவை அவை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். வேகமாகத் துடிக்கும் இதயம் வேகமாகத் துடிக்கும் இதயம் மட்டுமே என்பதை நம்பச் செய்ய இதைவிட நேரடியான வழி இல்லை. உடல்நிலையைச் சோதித்தபின், பயிற்சி பெற்றவரின் வழிகாட்டுதலுடன் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

மூச்சுப் பயிற்சி, தியானம் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் சமூக ஊடகங்கள் அவற்றை முழுச் சிகிச்சையாகவே காட்டிவிடுகின்றன. ரயிலில் ஏறாமல் வீட்டில் அமர்ந்து ஆழ்ந்து மூச்சுவிடுவது ரயில் அச்சத்தைப் போக்காது.

காரணம் உண்மையானதாக இருந்தால்?

ரயில் அச்சத்தில் ஆபத்து கற்பனை. வீடு, வாடகை, கடன் ஆகியவற்றில் ஆபத்து உண்மை. இங்கே ‘உங்கள் எண்ணம் தவறு’ என்று சிகிச்சையாளர் வாதிட்டால் அது பயனற்றது, ஒருவகையில் அவமதிப்பும்கூட. ஆகவே இத்தகைய கவலைகளுக்கு வழி வேறு.

முதலில், கவலைகள் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன: இப்போது ஏதேனும் செய்யக்கூடியவை, செய்ய ஏதுமற்றவை. ‘கணக்கெடுப்பில் நம் பெயர் விடுபட்டுவிடுமோ’ என்பது முதல் வகை. பழைய மின்கட்டண ரசீது எங்கே, குடும்ப அட்டையில் முகவரி சரியாக உள்ளதா, நகல் எடுத்தாயிற்றா, எந்த அலுவலகத்தில் யாரிடம் கேட்பது என்று அது செயல்களாக உடைக்கப்படும். அவற்றுள் ஒன்று இந்த வாரத்துக்கு என்று குறிக்கப்படும். ‘இடம் மாறினால் பிள்ளையின் பள்ளி என்னாகும், அதன்பின் அவன் வாழ்க்கை என்னாகும்’ என்று இரவு இரண்டு மணிக்கு நீளும் சங்கிலி இரண்டாம் வகை. அதற்கு அந்த நேரத்தில் விடை இல்லை. இவ்வகைக் கவலைக்கு நாள்தோறும் மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் எழும்போது ‘மாலையில் பார்க்கலாம்’ என்று குறித்துவைத்துக் கடந்துசெல்லும் பயிற்சி கற்பிக்கப்படுகிறது. கவலையைத் தடுப்பதன்று, அதன் நேரத்தை மாற்றுவதே நோக்கம். ‘நினைக்காதே’ என்ற கட்டளையை எந்த மனமும் கேட்பதில்லை.

இத்தகைய சிகிச்சையால் வீடு கிடைக்காது. ஆனால் உறங்காத, எரிச்சல் மிகுந்த, அலுவலகப் படியேற அஞ்சும் ஒருவரால் செய்ய முடியாத வேலைகளை, ஓரளவு உறங்கி எழுந்த அதே மனிதரால் செய்ய முடியும். ஆவணத்தைத் தேடுவதும், வரிசையில் நிற்பதும், கேள்வி கேட்பதும் அவற்றுள் அடங்கும்.

வாழ்க்கை நெருக்கடியில் உள்ளோருக்கு இம்முறை உதவும் என்பதற்கு வலுவான சான்று ஜிம்பாப்வேயிலிருந்து வந்தது. அந்நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் ஹராரே நகரில், பயிற்சி பெற்ற மூதாட்டிகளைக் கொண்டு ‘நட்பு இருக்கை’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். சுகாதார நிலைய வளாகத்தில் மரத்தடிப் பலகை. அதில் ஒரு பாட்டி, ஒரு நோயாளி. வறுமை, எச்ஐவி, குடும்ப வன்முறை என அங்கு வந்தவர்களின் சிக்கல்கள் அனைத்தும் உண்மையானவை. அவற்றைப் பட்டியலிட்டு, ஒன்றைத் தேர்ந்து, சிறு செயலாக்குவதே பாட்டியர் கற்ற முறை. 573 பேரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பின் இத்திட்டத்தில் சேர்ந்தோரிடம் பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றின் அறிகுறிகள் வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தன. அங்கு மக்கள் தம் துன்பத்துக்கு இட்டிருந்த பெயர் ‘குஃபுங்கிசிசா’; ஷோனா மொழியில் ‘அளவுமீறி யோசித்தல்’ என்று பொருள். ‘ரொம்ப யோசிக்கிறேன், தூக்கம் வரவில்லை’ என்று மருத்துவரிடம் கூறும் தமிழருக்கு இச்சொல் அந்நியமாக இராது.

இந்தியாவிலும் இதற்கு முன்னோடி உண்டு. மும்பையில் பிறந்த மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சகாக்களும் 1996-இல் நிறுவிய சங்காத் அமைப்பு, கோவாவில் மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி அளித்து, மனச்சோர்வும் பதற்றமும் உடையோருக்கு ஆலோசனை வழங்கச் செய்தது. 2010-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவ்வுதவியைப் பெற்று ஆறு மாதங்களில் குணமடைந்தோர் 100-க்கு சுமார் 66, பெறாதோரில் 42. தனியார் மருத்துவர்களிடம் சென்றோரிடையே இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. நெரிசலான அரசு மருத்துவமனையின் நோயாளிகளுக்கே, உட்கார்ந்து கேட்க ஒருவர் இருப்பது அதிகப் பயன் தருகிறது என்று இதை வாசிக்க இடமுண்டு.

எந்த மொழியில்?

பேச்சே மருந்தாகும் சிகிச்சையில் மொழி இரண்டாம்பட்சமன்று. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் மூன்று நான்கு தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கின்றனர். இளையோர் இந்தியும் மராத்தியும் சரளமாகப் பேசினாலும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்த பெண்கள், முதியோர் ஆகியோரில் பலருக்குத் தம் துன்பத்தைச் சொல்லத் தமிழ்தான் கைகொடுக்கிறது. ‘நெஞ்சு அடைக்கிறது’, ‘வயிற்றைக் கலக்குகிறது’, ‘மனசு சரியில்லை’ என்ற சொற்களை மொழிபெயர்க்கும்போது எதையேனும் இழக்க நேரிடும். பதின்வயது மகன் மொழிபெயர்ப்பாளராக அருகில் அமர்ந்திருக்கும்போது, கணவரைப் பற்றியோ மாமியாரைப் பற்றியோ ஒரு தாய் எவ்வளவு கூறுவார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயாளியின் தகவல் இரகசியமாகக் காக்கப்படுவதை உரிமையாக்கியுள்ளது. ஆகவே துணைக்கு வந்தவரை வெளியே அமரச் சொல்லிப் பேச வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

மருந்து, செலவு, உதவி

மிதமான பதற்றத்துக்கு உளவியல் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். தீவிரமானால் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளும் சேர்க்கப்படுகின்றன. இவை முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். இதற்கு மாறாக, அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் அரை மணி நேரத்தில் அமைதியைத் தருவதாலேயே பலரும் விரும்புகின்றனர். தொடர்ந்து உட்கொண்டால் உடல் அவற்றுக்குப் பழகி, நிறுத்த முடியாத நிலை ஏற்படும். மருத்துவரின் சீட்டின்றி மருந்துக் கடையில் அவற்றைக் கேட்டு வாங்குவதும், பக்கத்து வீட்டாரின் மாத்திரையைப் பகிர்ந்துகொள்வதும் ஆபத்தானவை. ஏற்கெனவே நீண்டநாள் உட்கொள்வோர் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சிபிடி அனைவருக்கும் பலிக்கும் என்றும் கூற முடியாது. சராசரியாக ஏறத்தாழ பாதிப்பேர் அதனால் தெளிவான முன்னேற்றம் அடைவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. எஞ்சியோருக்கு வேறு முறையோ மருந்தோ இரண்டுமோ தேவைப்படலாம். ஆறேழு அமர்வுகளுக்குப் பின்னும் மாற்றமில்லை எனில் அதைச் சிகிச்சையாளரிடம் நேரடியாகக் கேட்கலாம். நல்ல சிகிச்சையாளர் அதைக் குறையாகக் கருதமாட்டார்.

யாரிடம் செல்வது என்பதிலும் கவனம் தேவை. மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை. ‘ஆலோசகர்’ என்ற பெயர்ப்பலகையை மட்டும் நம்புவது போதாது.

தனியார் சிகிச்சை ஓர் அமர்வுக்குப் பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். வாரம் ஒரு நாள் என்றால் தையற்கூடத் தொழிலாளிக்கு அது எட்டாத தொகை. அன்றைய கூலி இழப்பு வேறு. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக அறிவித்துள்ளது. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்றும் அச்சட்டம் நிறுவனங்களைப் பணிக்கிறது. பாலிசி வைத்திருப்போர் அதன் விதிகளைப் படித்துப் பார்ப்பது நல்லது.

சயான் மருத்துவமனை என்று மக்கள் அழைக்கும் லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனையில் மனநலத் துறை இயங்குகிறது. அதன் நகர்ப்புறச் சுகாதார மையம் தாராவியிலேயே உள்ளது. ‘சோட்டா சயான்’ என்றால் ஆட்டோ ஓட்டுநர்களுக்குத் தெரியும். அம்மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றிய மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999-இல் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு, குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் தாராவியில் ஆலோசனை வழங்கி வருகிறது. பதற்றத்துக்குக் காரணம் வீட்டுக்குள் விழும் அடி எனில், மூச்சுப் பயிற்சியைவிட முதலில் தேவைப்படுவது இத்தகைய பாதுகாப்பு. செம்பூரை அடுத்த தேவ்நாரிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2012 முதல் ‘ஐகால்’ என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையை நடத்துகிறது.

நேரில் செல்ல இயலாதோர், மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், மொழித் தேர்வு அழைப்பின் தொடக்கத்திலேயே கேட்கப்படும். தற்கொலை எண்ணம் எழுவோர் அமர்வுக்கான தேதிக்குக் காத்திராமல் உடனே இவ்வெண்ணை அழைக்கவோ, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவோ வேண்டும்.

முதல் சந்திப்புக்குச் செல்லும்போது எழுதி எடுத்துச் செல்ல வேண்டியவை மூன்று: படபடப்பு கடைசியாக எப்போது, எங்கே வந்தது, அதன்பின் எதையெல்லாம் செய்யாமல் விட்டீர்கள், தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள் எவை. இரண்டாவது பட்டியல் எவ்வளவு நீளமானது என்பதிலிருந்தே சிகிச்சையாளர் பெரும்பாலும் தொடங்குவார்.